முடிந்ததும் சொல்கிறேன்

எந்த இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டாலும் புத்தகம் இரண்டு. ஒன்று நமக்கு, ஒன்று அவர்களுக்கு. உள்ளே இருக்கும் சங்கதி ஒரு புள்ளி மாறாமல் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நம் புத்தகத்தில் இரண்டு நாடுகளின் பெயரும் சேர்ந்து வருகிற இடத்திலெல்லாம் நம் பெயர் முதலில் வரும். அவர்கள் புத்தகத்தில் அவர்கள் பெயர் முதலில் வரும். யாரும் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை என்று இரண்டு தரப்பும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். பெரிய மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இரண்டு பிள்ளைகளுக்கு மிட்டாய் பங்கு வைக்கிற எந்த அம்மாவும் இதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள்.

அந்தப் புத்தகங்களைத் தயாரிக்கிறவள் நான். வெளியுறவு அமைச்சகத்தில் உடன்படிக்கைப் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருடமாக இதே நாற்காலி. வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது, நாடா கோப்பது, அரக்கு உருக்கி முத்திரை வைப்பது, கையெழுத்துப் போடும் பேனா நடுவில் மக்கர் செய்யாமல் எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்பது, எல்லாம் என் தலையில். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'அரக்கு' என்று பெயர். நான் எரிந்து விழுகிற நாளில் அதை 'அரக்கி' என்று திருத்திக்கொள்வார்கள். தெரியும். கண்டுகொள்வதில்லை.

எங்கள் பிரிவுக்கு ஒரு விதிதான் உயிர். கையெழுத்தாகி முத்திரை விழும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. எந்த நாடு, எந்தத் தேதி, எத்தனை பக்கம், எதுவும் கூடாது. பக்கத்து அறைக்காரர்களே வந்து வாயைக் கிளறினாலும் ஒரே பதில்தான்: முடிந்ததும் சொல்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லி அது என் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. டெய்லர் ஜாக்கெட் அளவு சரியா என்று கேட்டால்கூட அதுதான் முதலில் வாயில் வருகிறது.

ஆசியாவில் இருக்கும் எங்கள் நாட்டுக்கும் ஐரோப்பாவில் இருக்கும் அந்த நாட்டுக்கும் வர்த்தக ஒப்பந்தம் பதினொரு வருடம் இழுத்தது. குடை என்பது ஒரு பொருளா, இல்லை துணி, கம்பி, பிடி என்று மூன்று பொருளா என்பதை மட்டும் பதினான்கு மாதம் பேசினார்கள். எங்களிடம் குடை இருக்கிறது, அவர்களிடம் மழை இருக்கிறது, இதில் பேச என்ன இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நடுவில் ஒருமுறை முறுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. எட்டு மாதம் எங்கள் தூதரகத்தில் ஒரு தட்டச்சரும் ஒரு தோட்டக்காரரும் மட்டும் இருந்தார்களாம். பிறகு யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பேச்சு தொடங்கியது.

நாடுகளுக்கு இந்த வசதி இருக்கிறது. பேச்சு நின்றுபோனால் திரும்பத் தொடங்கி வைப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். வீடுகளில் அப்படி யாரும் இல்லை.

எனக்கு ஒரே தங்கை. அந்த நாட்டில்தான் இருக்கிறாள். ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

காரணம் நான். அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது விழுந்தார். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் இருந்தார். நாளைக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சரி, நாளைக்கு ஒன்று தெரிந்ததும் தங்கையிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் இன்னும் இரண்டு நாள் கேட்டார். தங்கை அப்போதுதான் அங்கே புது வேலையில் சேர்ந்திருந்தாள். அரையும் குறையுமாகச் சொல்லி அவளை ஏன் அலைக்கழிக்க வேண்டும், ஒரு முடிவு தெரியட்டும் என்று இருந்துவிட்டேன். நடுவில் அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். அப்பா தூங்குகிறார் என்றேன். பதினேழாம் நாள் முடிவு தெரிந்தது. ஆக வேண்டியதெல்லாம் ஆகி, வந்தவர்கள் எல்லாம் போய், வீட்டைக் கழுவிவிட்ட பிறகு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் அழவில்லை. "சொல்லியிருந்தா வந்திருப்பேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தது.

அவளைப் பற்றிய சேதி எனக்கு மாமா மகள் வழியாகத்தான் வரும். ஒருமுறை ஒரு போட்டோவைக் காட்டினாள். தங்கை மஞ்சள் நிறப் பேருந்து ஒன்றின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறாளாம். சைக்கிளில் ஏற்றிவிட்டால் எங்கே சுவர் இருக்கிறது என்று தேடிப்போய் முட்டுகிறவள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டிய ஆள் அவள் ஒருத்திதான் என்பதும் கூடவே வந்தது.

இரண்டு அறை வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் மேஜையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். இதில் என்ன இருக்கிறது என்று கூட்டுக் குடும்பத்துக்காரர்கள் கேட்பார்கள். அதை நகர்த்த இன்னொரு கை இல்லை, அதுதான் இருக்கிறது. சில நாள் நானே வேண்டுமென்று டம்ளரை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டுப் போவேன், வரும்போது மேஜை காலியாக இருக்கட்டும் என்று. அதுவும் பழகிவிட்டது.

ஒப்பந்தத்தை அவர்கள் தலைநகரத்தில் கையெழுத்திடுவதாக முடிவானது. இந்த மாதிரிப் பயணங்களுக்கு எல்லாம் அதிகாரிகள்தான் போவார்கள். நான் கட்டிக் கொடுத்த புத்தகங்கள் எத்தனையோ நாடு பார்த்திருக்கின்றன, நான் பார்த்ததில்லை. இந்த முறை புத்தகத்தை எடுத்துப் போக வேண்டிய அதிகாரி படியில் கால் தடுக்கி எலும்பை முறித்துக்கொண்டார். செயலாளர் என்னைக் கூப்பிட்டு நீங்கள் போகிறீர்கள் என்றார். இரண்டு புத்தகங்களும் போகும்போது உங்கள் மடியில், திரும்பும்போது நம் புத்தகம் உங்கள் மடியில், தலைக்கு மேலே இருக்கும் பெட்டியில்கூட வைக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். விதியை எழுதி வைத்தவளிடமே விதியை ஒப்பித்தார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

தங்கைக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. ஆனால் தேதி ரகசியம். அந்த ரகசியத்துக்குப் பின்னால் இரண்டு வாரம் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்துவிட்டது. அதற்குமேல் ஒளிய இடமில்லை. ஏழு முறை எழுதி அழித்து, எட்டாவதாக, வெள்ளிக்கிழமை உன் நாட்டில் இருப்பேன், மாலை ஆறு மணிக்குத் திரும்பும் விமானம், உன்னைப் பார்க்க வேண்டும் என்று மாமா மகள் கொடுத்த எண்ணுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வெள்ளி ரெண்டு மணி, சென்ட்ரல் ஸ்டேஷன், பெரிய கடிகாரத்துக்குக் கீழே, மூணு அஞ்சு ரயிலுக்கு நான் திரும்பணும், நாலரைக்கு வண்டி எடுக்கணும். அக்கா என்று இல்லை. எப்படி இருக்கே என்று இல்லை. ஆனால் நேரமும் இடமும் இருந்தது. பதினொரு வருடம் பேசினவர்கள்கூட முதலில் நேரத்தையும் இடத்தையும்தான் முடிவு செய்தார்கள். அதை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கையெழுத்து வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு. அவர்கள் பக்கத்தில் என் வேலையைப் பார்க்கிறவரை அன்றைக்குத்தான் முதல்முறை நேரில் பார்த்தேன். பதினொரு வருடமாக எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து. அவருக்கும் சொந்தமில்லாத, எனக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில், தாளின் கனம், நாடாவின் அகலம், காற்புள்ளி என்று எழுதிக்கொள்வோம். ஒரே ஒரு கடிதத்தின் கடைசியில் மட்டும், இன்று இங்கே பனி, பேருந்து ஓடவில்லை, நான் நடந்து வந்தேன் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் நாடாவைப் பற்றி மட்டும் எழுதினேன். ஆள் நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தார், அவ்வளவு உயரம். மனதுக்குள் நெட்டையர் என்று பெயர் வைத்தேன். அவர் மனதுக்குள் எனக்கு என்ன பெயர் வைத்தாரோ தெரியாது. இரண்டு பேரும் மேஜைத்துணியின் சுருக்கத்தைச் சேர்ந்தாற்போல் நீவிவிட்டோம்.

இந்த ஒப்பந்தத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒன்று இருந்தது. அட்டையில் யார் சின்னம் போடுவது என்று ஒரு வருடம் மல்லுக்கு நின்று, கடைசியில் இரண்டு புத்தகத்துக்கும் ஒரே நீல அட்டை, இரண்டு சின்னமும் சமமாக, என்று முடிவு செய்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பிரித்து முதல் வரியைப் படித்தால்தான் எது யாருடையது என்று தெரியும்.

நடைமுறை இதுதான். ஒவ்வொரு அமைச்சரும் தன் நாட்டுப் புத்தகத்தில் முதலில் கையெழுத்துப் போடுவார். நாங்கள் இருவரும் பின்னால் நின்று புத்தகங்களை இடம் மாற்றி வைப்போம். அடுத்தவர் புத்தகத்திலும் கையெழுத்து ஆனதும் இருவரும் எழுந்து நின்று, கையில் இருப்பதை ஒருவருக்கொருவர் கொடுத்துக் கைகுலுக்குவார்கள். அவரவர் புத்தகம் அவரவர் கைக்கு வந்து சேரும். எல்லாம் அப்படியே நடந்தது. புத்தகங்களைக் கொடுத்துக்கொண்டார்கள், கைகுலுக்கினார்கள், கைதட்டினார்கள்.

அப்போது போட்டோக்காரர் ஒருவர், சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார். அமைச்சர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கொடுத்துக்கொண்டார்கள்.

ஒரு முறை மாற்றினால் சரி. இரண்டு முறை மாற்றினால் பழைய கதைதான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அங்கே இருந்தவர்களில் இதைக் கவனிக்க வேண்டிய வேலை இரண்டே பேருக்குத்தான். நெட்டையர் அந்த நேரம், தங்கள் அமைச்சர் ஞாபகமறதியாகச் சட்டைப் பையில் செருகிக்கொண்ட, அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கிய பேனாவைத் திரும்ப வாங்க வழி தேடிக்கொண்டிருந்தாராம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே கால். இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம்.

விருந்து முடிந்து ஹோட்டல் அறைக்கு வந்தபோது பன்னிரண்டே முக்கால். முகம் கழுவி, புடவை மாற்றி, கண்ணாடியில் பார்த்தேன். ஆறு வருடத்தில் முன்தலை நரைத்துப் போயிருந்தது. அவளுக்கு அடையாளம் தெரியுமா என்று ஒரு கணம் பயமாக இருந்தது. புத்தகத்தைத் துணியில் சுற்றுவதற்கு முன், பழக்கதோஷத்தில், முத்திரை பத்திரமாக இருக்கிறதா என்று திறந்தேன். முதல் வரியில் அவர்கள் நாட்டுப் பெயர் முதலில் இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சட்டப்படி பார்த்தால் இரண்டும் செல்லும். ஆனால் எங்கள் பாதுகாப்புப் பெட்டகத்தில், எங்கள் நாடு இரண்டாவதாக வருகிற புத்தகம் காலத்துக்கும் இருக்கும். யாராவது ஒருவர் கண்ணில் பட்டால் போதும், கேள்வி சபைவரை போகும். செயலாளரிடம் சொல்லலாம். ஆனால் இன்னும் எதுவும் முடியவில்லை, முதலில் சரி செய்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

நெட்டையரைக் கூப்பிட்டேன். நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. புத்தகம் ஏற்கெனவே பெட்டக அறைக்குள் போய்விட்டது என்றார். அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம். இன்னொன்றை வைத்திருக்கிற அம்மாள் வெளியே போயிருக்கிறார், ஒன்றரைக்கு வந்துவிடுவார், உடனே வாருங்கள் என்றார்.

கணக்குப் போட்டேன். ஒன்றரைக்குத் திறந்தால் மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம். அங்கிருந்து ஸ்டேஷன் டிராமில் இரண்டு நிறுத்தம். ரெண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே கடிகாரத்துக்குக் கீழே நின்றுவிடலாம். தங்கைக்கு ஒரு வார்த்தை போடலாமா என்று போனை எடுத்தேன். கொஞ்சம் தாமதமாகலாம் என்று அடித்தேன். எவ்வளவு தாமதம்? தெரியாது. தாமதமாகுமா? அதுவும் தெரியாது. தெரியாததை எப்படி அனுப்புவது? அழித்துவிட்டேன்.

அமைச்சக வாசலில் போனை வாங்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டார்கள். உள்ளே போன் கூடாதாம். பெட்டக அறைக்கு வெளியே ஒரு நீளமான தாழ்வாரம். சாம்பல் நிறச் சுவர், ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம். நானும் நெட்டையரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மடியில் அவர்கள் புத்தகம்.

ஒன்றே முக்கால் ஆனது. அந்த அம்மாள் வரவில்லை. புத்தகத்தை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனால் என்ன என்று யோசித்தேன். ஒரு கையில் வாங்காமல் மறு கையில் கொடுக்கக் கூடாது என்பது விதி. நானே பல பேருக்குச் சொன்ன விதி. இரண்டு மணி ஆனது. கடிகாரத்தின் பெரிய முள் நகர்வது எனக்குக் கேட்டது. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்திருந்தேன்.

நெட்டையர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு வேறெங்காவது போக வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். யாருக்காவது சொல்ல வேண்டுமா, என் மேஜையில் தொலைபேசி இருக்கிறது, அதோ அந்தக் கதவுதான் என்று கையைக் காட்டினார். பத்து எட்டு வைத்தால் அந்தக் கதவு. எண் எனக்கு மனப்பாடம். எழுந்திருக்க வேண்டும், போக வேண்டும், ஒரு தப்பு நடந்துவிட்டது, எப்போது முடியும் என்று தெரியவில்லை, இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வேண்டாம், முடிந்ததும் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பனி நாளில் தான் இரண்டு மணி நேரம் நடந்து வந்ததாகவும், வந்து பார்த்தால் அலுவலகத்துக்கு விடுமுறை விட்டிருந்ததாகவும், யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றும் சொன்னார். நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் என் கண் கடிகாரத்தில் இருந்தது.

இரண்டு இருபத்தைந்துக்கு அந்த அம்மாள் வந்தார். பல் வைத்தியரிடம் போயிருக்கிறார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, மரத்துப்போய், பேச்சே வரவில்லை. நெட்டையர் கெஞ்சுவதுபோல் விளக்கினார். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டி, பதிவேட்டைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். உள்ளே போன உடன்படிக்கை அன்றைக்கே வெளியே வருவதென்றால் அதற்கு ஒரு படிவமாம். படிவம் மேல்மாடியிலாம். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதே வரியைத்தான் காட்டியிருப்பேன். நெட்டையர் அந்த உயரத்தோடு மாடிப்படியில் ஓடியதைப் பார்த்தேன். அவர் வந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு சாவியும் திரும்பியபோது இரண்டு ஐம்பத்திரண்டு.

ஒரு கையால் கொடுத்து ஒரு கையால் வாங்கினேன். திறந்து முதல் வரியைப் பார்த்தேன். எங்கள் பெயர் முதலில் இருந்தது. வாசலில் போனை வாங்கிக்கொண்டு, பார்க்கக்கூட நேரமில்லாமல், காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டதுபோல் ஓடினேன். டிராமில் உட்காரவில்லை. நின்றால் சீக்கிரம் போகும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது பெரிய கடிகாரத்தில் மூன்று ஏழு. அதன் கீழே நிறைய பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் யாருக்காகவோ காத்திருந்தார்கள். எனக்காக யாருமில்லை.

போனை எடுத்துப் பார்த்தால், இரண்டு நாற்பத்தொன்றுக்கு அவள் ஒருமுறை கூப்பிட்டிருந்தாள். தட்டில் கிடந்து அடித்து ஓய்ந்திருக்கிறது. திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"எங்க இருக்கே?" என்றாள். ஆறு வருடத்துக்கு அப்புறம் அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்தது.

கடிகாரத்துக்குக் கீழே நிற்கிறேன் என்றேன்.

"நான் ரயில்ல இருக்கேன். புள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும், வண்டி எடுக்கணும்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு முறை மாற்றியது, முதல் வரி, சாவி, பல் வைத்தியர், படிவம். வேடிக்கையாகத்தான் இருந்தது கேட்க. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ரயில் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சரிசெய்துவிட்டேன், எல்லாம் முடிந்தது, புத்தகம் கையில் இருக்கிறது என்று முடித்தேன்.

"அந்த ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

ஸ்டேஷனிலிருந்து இரண்டு நிறுத்தம் என்றேன்.

"ரெண்டு ஸ்டாப்பு" என்றாள். "ஒண்ணரை மணிலேர்ந்து அங்கதான் நின்னேன். சீக்கிரமே வந்துட்டேன். சொல்லியிருந்தா வந்திருப்பேன்க்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் அவளோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். கன்னம் வீங்கின அம்மாளைப் பார்த்து இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்திருக்கலாம். டிக்கெட் பார்க்க வருகிறார்கள், வைக்கிறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பதினொரு வருட வேலை. ஒரு தப்பு இல்லை. எங்கள் பெயர்தான் முதலில். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஸ்டேஷனில் அழுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விமானத்தில் புத்தகம் என் மடியில் இருந்தது. பக்கத்தில் செயலாளர் திருப்தியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. கைப்பையில் காலை நிகழ்ச்சி நிரல் இருந்தது, நல்ல கனமான தாள். அதை நீல அட்டையின் மேல் வைத்து, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். முத்திரை வாங்கிய ஒப்பந்தத்தை எழுதுபலகையாக வைத்துக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் நாள், செவ்வாய்க்கிழமை, என்று ஆரம்பித்தேன். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார், பிரஷ் எங்கே விழுந்தது, என்ன சட்டை போட்டிருந்தார், ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிடம் ஆனது. இரண்டாம் நாள் டாக்டர் என்ன சொன்னார், எனக்கு என்ன புரிந்தது. மூன்றாம் நாளுக்கு வந்ததும் பேனா நின்றது. பேனாவில் குறை இல்லை.

பிறகு எழுதினேன். "மூணாவது நாள் சாயங்காலம் அப்பா கண்ணைத் திறந்தார். நல்லா நினைவு இருந்தது. சின்னவ வந்துட்டாளான்னு கேட்டார். அன்னிக்குத்தான் நீ ரெண்டாவது தடவை கூப்பிட்டே. அவர் தூங்கலை. நான்தான் தூங்கறார்னு சொன்னேன். போனைக் குடுத்திருக்கலாம். பொழச்சு வீட்டுக்கு வந்துடுவார், அப்போ சேர்த்து எல்லாத்தையும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

நான்காம் நாளின் பாதியில் விமானம் இறங்கத் தொடங்கியது. என் வழக்கம், எதையும் முழுக்க எழுதி, ஒருமுறை ஒப்பிட்டு, நல்ல பிரதி எடுத்துத்தான் அனுப்புவேன். அடித்தல் திருத்தல் உள்ள தாள் ஒன்றுகூட என் பிரிவைவிட்டு வெளியே போனதில்லை. இதில் ஏழெட்டு அடித்தல்கள் இருந்தன. நடுவில் ஒரு இடம் ஈரமாகி எழுத்து கலங்கியிருந்தது.

விமான நிலையத்தில் எல்லாரும் பெட்டிக்குக் காத்திருந்தபோது, ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே தபால் கவுண்டருக்குப் போய் உறை வாங்கினேன். அரக்கு இல்லை, நாடா இல்லை. எச்சில் தொட்டு ஒட்டுவதற்கு முன்னால், தாளை மறுபடி வெளியே எடுத்து, பாதியில் நின்ற வாக்கியத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்.

"இன்னும் முடியலை. முடியறதுக்கு முன்னாடியே அனுப்பறேன்."